முதலில் எதில் செருகுவது

ஜெராக்ஸ் அக்காவின் கடை பத்தடிக்கு எட்டடி. நகல் இயந்திரம் ஒன்று, பிரிண்டர் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு, மேஜை விசிறி ஒன்று, வருகிறவர் உட்கார முக்காலி ஒன்று. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் எழுந்து நின்று வழிவிட வேண்டும். பதினேழு வருஷமாகக் கடை இப்படித்தான் நடக்கிறது. அதற்கு முன் ஒன்பது வருஷம் அவர் ஒரு தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார். அடித்த தாளைத் தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை திரும்பப் படித்துப் பார்க்காமல் கையிலிருந்து விடமாட்டார். அந்தப் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

நாளொன்றுக்கு ஏறக்குறைய பதினைந்து பேர் பென் டிரைவோடு வருவார்கள். பையிலிருந்தும் சாவிக்கொத்திலிருந்தும் எடுத்து நீட்டுவார்கள். ஒருவர் காதுக்குப் பின்னால் செருகி வைத்திருந்து எடுத்துக் கொடுத்ததும் உண்டு. அக்கா வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகுவார், வேண்டியதை அச்சிட்டுக் கொடுப்பார், அவ்வளவுதான். அது எங்கெங்கே போய்விட்டு வந்தது என்று அவர் யோசித்ததே இல்லை. கம்ப்யூட்டர் வாங்கியபோது அதில் போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ் காலாவதியாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. திரையின் மூலையில் அதன் படம் சிவப்பாக மாறியதை அவர் பார்க்கத்தான் செய்தார். அழகுக்கு நிறம் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, வக்கீல் குமாஸ்தா வந்தார். கடையின் டைப்பிங் வேலையில் பாதி அவருடைய ஆபீஸிலிருந்துதான் வருகிறது. வழக்கமாக முக்காலியில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் காகிதத்தை எடுப்பார். அன்றைக்கு உட்காரவில்லை.

"ஏம்மா, நேத்து உன் கடையில இருந்து எடுத்துட்டுப் போன பென் டிரைவ்ல ஒரு ஃபைலும் இல்ல. எல்லாம் குட்டி குட்டியா அம்புக்குறி போட்டு நிக்குது. அமுக்கினா திறக்க மாட்டேங்குது."

"எத்தனை ஃபைல் சார் இருந்துச்சு?"

"நூத்திப் பன்னெண்டு. எதுக்கு, எண்ணி எடுத்துக் குடுக்கப் போறியா?"

அக்காவின் கொழுந்தனுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. அவன் வந்து அரை மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டையும் மீட்டுவிட்டான். எதுவும் அழியவில்லை. வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு அதே பெயரில் போலிகளை முன்னால் நிறுத்தியிருந்தது. கடையின் இரண்டு கம்ப்யூட்டரிலும் அதே வைரஸ் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் துடைத்துப் புதிதாக்கிக் கொடுத்தான். ஆனாலும் குமாஸ்தா இறங்கி வரவில்லை.

"அடுத்த மாசம் நாலாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். கடைக்கு என்ன காவல் போட்டிருக்கன்னு காட்டணும். அது வேலை செய்யுதுன்னும் காட்டணும். இல்லேன்னா எங்க வேலையெல்லாம் எதிர்க்கடைக்குப் போயிடும். வக்கீலய்யா சொல்லிட்டார். நான் சொன்னேன்னா என்கிட்ட கெஞ்சுவ. அவர்கிட்ட கெஞ்ச உனக்கு வழி இல்ல பாரு."

அன்று மாலை வீட்டில் இதே பேச்சு. அக்காவின் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். இரும்பைத் தவிர வேறு எதையும் பெரிதாக நம்பமாட்டார்.

"சும்மாவே குடுக்கிறான்ல, அதை இறக்கிப் போட்டுட்டுப் போ. இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிட்டு."

"அண்ணி, அவர் பேச்சைக் கேக்காதீங்க" என்றான் கொழுந்தன். "காசு குடுத்து வாங்குறதுதான் கடைக்குச் சரி."

"ஏன் சரி?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நீ சோதிச்சுப் பார்த்தியா?"

அவன் குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டான். அங்கேதான் அக்காவுக்கு ஆவல் பிறந்தது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றால் தானே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். கடையில் கம்ப்யூட்டர் இரண்டு இருந்தது அதற்குத் தோதாகவும் இருந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் இலவச ஆன்டிவைரஸைத் தேடினார். அந்தப் பக்கத்தில் 'டவுன்லோட்' என்று ஐந்து பொத்தான்கள் இருந்தன. நான்கு பெரிதாகப் பச்சைப் பசேலென்று கண்ணைப் பறித்தன. ஐந்தாவது ஓரமாக, சாம்பல் நிறத்தில், நகக்கண் அளவில் இருந்தது. அக்கா ஒவ்வொன்றின் மேலும் அம்பை வைத்து, அது எங்கே கூட்டிப்போகிறது என்று கீழே வந்த முகவரியைப் படித்தார். நான்கும் விளம்பரம். அந்தச் சாம்பல் பொத்தான்தான் அசல். இறங்கி முடிய நாற்பத்தேழு நிமிஷம் ஆனது. நிறுவும்போது இரண்டு கட்டங்களில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. அவர் கேட்காத ஏதோ இரண்டு சரக்கையும் சேர்த்து இறக்கும் ஏற்பாடு அது. இரண்டு டிக்கையும் எடுத்தார்.

பிறகு ஒப்பந்தம். பதினான்கு பக்கம். 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்குமுன் அதை முழுவதும் படித்த மனிதர்கள் உலகத்தில் எத்தனை பேரோ, அக்கா படித்தார். ஒன்பதாம் பக்கத்தில், பார்க்கும் இணையப் பக்கங்களைப் பற்றிய விவரங்களை, பெயரை நீக்கிவிட்டு, மற்ற நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. சும்மா கொடுப்பவன் எதற்குக் கொடுக்கிறான் என்று காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த வரியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

மற்ற கம்ப்யூட்டரில், காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் ஒன்றை முப்பது நாள் சோதனைக்குப் போட்டார். இலவசத்தின் படம் பச்சைக் கேடயம், மற்றதன் படம் நீலக் கேடயம். அதனால் கடையில் அவற்றுக்குப் பச்சை, நீலம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பச்சை ஒரு நாளைக்கு ஒரு தடவை தன் வைரஸ் பட்டியலைப் புதுப்பித்தது, நீலம் நான்கு தடவை. பச்சை நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை 'என்னை மேம்படுத்திக்கொள்' என்று திரையில் வந்து நின்றது. நீலத்துக்குச் சந்தேகம் கேட்க ஒரு போன் எண் இருந்தது. அக்கா வேண்டுமென்றே மூன்று தடவை அழைத்துப் பார்த்தார். இரண்டு தடவை ஆள் எடுத்தார், ஒரு தடவை ஆறு நிமிஷம் இசைதான்.

ஆறாம் தேதியிலிருந்து எந்தப் பென் டிரைவ் வந்தாலும் வாசலை ஒட்டியிருந்த பச்சையில் முதலில், பிறகு உள்ளே இருந்த நீலத்தில். இரண்டும் என்ன சொல்கிறது என்று நோட்டில் ஏறும்.

"என்னக்கா, என் பென் டிரைவுக்குக் காய்ச்சலா, ரெண்டு டாக்டர்கிட்ட காட்டுறீங்க?" என்று கேட்டார் ஒரு மருந்துக்கடைக்காரர்.

"உங்களுக்கு இருக்கான்னு பார்க்கல, உங்க பென் டிரைவுக்குத்தான் பார்க்குறேன். பேசாம உட்காருங்க."

இருபத்தெட்டாம் தேதி வரை இருபத்து மூன்று நாள், முந்நூற்று நாற்பத்திரண்டு பென் டிரைவ். பச்சை அறுபத்தொன்றில் வைரஸ் பிடித்தது. நீலம் பிடித்தது மூன்றில். அக்கா மூன்று தடவை கூட்டிப் பார்த்தார், கணக்கு மாறவில்லை. இலவசம் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்குமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலை குமாஸ்தா அந்தப் பக்கமாக வந்தபோது நோட்டை விரித்துக் காட்டினார்.

குமாஸ்தா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முகம் தெளிந்தது. "அறுபத்தொண்ணுக்கு மூணா? அப்போ எதுக்கு வருஷா வருஷம் காசு கட்டுறோம்? எங்க ஆபீஸ்ல நாலு கம்ப்யூட்டர்லயும் நீலந்தான் இருக்கு. இந்த மாசத்தோட எடுத்துட்டுப் பச்சையைப் போட்டுடுறோம். உன் வேலைக்கும் ஒண்ணும் பங்கம் இல்ல போ."

அக்காவுக்கு அன்றைக்கு நடையே வேறாக இருந்தது. கணவரிடம் அறுபத்தொன்று, மூன்று என்ற எண்களை மட்டும் சொன்னார். அவர், "நான் அன்னிக்கே சொல்லல?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் பிற்பகல் நாலு பத்துக்கு ஒரு கல்லூரிப் பெண் ஓடி வந்தாள். நாலரைக்குள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை. பச்சை தன் வைரஸ் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அதனால் அக்கா அவளுடைய பென் டிரைவை நீலத்தில் செருகினார். நீலம் உடனே கத்தியது. இரண்டு வைரஸ், அகற்றப்பட்டன. கட்டுரையை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, இதற்குள் ஓய்ந்திருந்த பச்சையில், வழக்கத்தை விடாமல், அதே பென் டிரைவைச் செருகினார். பச்சை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றது.

"தூங்கிட்டியா நீ?" என்று பச்சையைக் கேட்டார் அக்கா.

"அக்கா, பென் டிரைவ்" என்று அந்தப் பெண் கையை நீட்டினாள். அதைக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். பச்சை தூங்கவில்லை. நீலம் துடைத்துவிட்ட பிறகு அதற்குப் பிடிக்க என்ன இருக்கிறது? அப்படியானால் இருபத்து மூன்று நாளும் பச்சை துடைத்த பிறகு நீலத்துக்கு மட்டும் என்ன இருந்திருக்கும்?

நோட்டை எடுத்து அந்த மூன்று வரிகளையும் மறுபடி படித்தார். கேலியாகப் பார்த்த மூன்று. பச்சை, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிய பென் டிரைவில் நீலம் கண்டுபிடித்தவை அவை. எழுதியதில் ஓர் எண் கூடத் தப்பில்லை. படித்ததுதான் தலைகீழ். நாலு கம்ப்யூட்டரிலிருந்து நீலத்தை எடுக்கப்போகிறார்கள், தன் பேச்சைக் கேட்டு.

கொழுந்தனுக்குப் போன் போட்டார். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"எதை முதல்ல போடுறீங்கன்னு நான் கேக்கவே இல்லயே அண்ணி."

"சிரிக்காதடா. அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"ஏன் சொல்லணும்? வேலை போகாதுன்னு சொல்லிட்டார்ல. பச்சையும் மோசம் இல்ல. விட்டுடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?"

"அவர் வந்து நின்னப்ப எல்லா வரியும் விரல் வெச்சுப் பார்த்தார்டா" என்றார் அக்கா. போனை வைத்தார்.

ஐந்தரைக்குக் கடையைப் பாதி இறக்கிவிட்டு, நோட்டோடு வக்கீல் ஆபீஸுக்கு நடந்தார். குமாஸ்தா கட்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நீலத்தை எடுத்துட்டீங்களா?"

"நாளைக்கு ஆள் வரான். ஏன்?"

"எடுக்காதீங்க. நான் தப்பாப் பார்த்துட்டேன்." நடந்ததைச் சொன்னார். குமாஸ்தா கயிற்றைப் பிடித்தபடியே கேட்டார்.

"அப்போ முதல்ல நிக்கிறவன் எல்லாத்தையும் பிடிச்சுட்டான். பின்னால நிக்கிறவனுக்கு அவன் விட்டதுதான். அப்படித்தானே?"

"அதேதான். பச்சை விட்டது மூணு. நீலம் எத்தனை விடும்னு எனக்குத் தெரியாது. இத்தனை நாள் பார்த்ததுல அது தெரியவே தெரியாது."

"இதை நேத்தே யோசிச்சிருக்கலாம்ல?"

"யோசிக்கல சார்."

குமாஸ்தா கயிற்றை முடிச்சுப் போட்டார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லவில்லை. "நாலாம் தேதி வரேன்" என்றார்.

முப்பதாம் தேதியிலிருந்து அக்கா வரிசையை மாற்றினார். முதலில் நீலம், பிறகு பச்சை. மூன்றாம் தேதி கடை அடைக்கும் வரை, அந்த மாதத்துக்கு முப்பதே நாள் என்பதால், நான்கு நாளில் ஐம்பத்தெட்டு பென் டிரைவ். நீலம் பத்தில் பிடித்தது. நீலம் விட்டதாகப் பச்சை ஒன்றைக் காட்டியது. கொழுந்தன் வந்து பார்த்து, அது வைரஸே இல்லை, யாரோ எழுதிய சிறிய கணக்குப் போடும் புரோகிராம், பச்சை வீணாகச் சந்தேகப்படுகிறது என்றான். அக்கா அதையும், 'கொழுந்தன் சொன்னது, நான் சரிபார்க்கவில்லை' என்று சேர்த்து எழுதினார்.

நாலாம் தேதி பதினொன்றுக்குக் குமாஸ்தா வந்தார். இந்தத் தடவை முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா நோட்டை நீட்டினார்.

"கடைக்கு நீலத்தை வாங்கிட்டேன் சார், வாசல் கம்ப்யூட்டருக்கு. வர்ற பென் டிரைவ் எல்லாம் அதுலதான் முதல்ல போகும். பச்சையை உள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்கு மாத்திட்டேன். அதுல வெளியாள் பென் டிரைவ் எதையும் செருக மாட்டேன். வீட்டுக்குன்னா பச்சையே போதும்னு நினைக்கிறேன். அந்த நினைப்பு சாயந்திரத்துக்குள்ள மாறினாலும் மாறும்."

"அப்போ இனிமே ஒண்ணும் வராதுன்னு வக்கீலய்யாகிட்ட சொல்லலாமா?"

"அப்படிச் சொல்லாதீங்க. நாலு நாள்ல ஐம்பத்தெட்டு பார்த்திருக்கேன், அவ்வளவுதான்."

குமாஸ்தா நோட்டை மூடினார். "அவர்கிட்ட அன்னிக்கே சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சார். இருபத்தேழு வருஷமா கோர்ட்டுக்குப் போறாராம். சாட்சி சொல்லி ஜெயிச்ச ஆள் மறுநாள் தானே திரும்பி வந்து, ஐயா நான் சொன்னது தப்புன்னு சொல்லி இன்னும் ஒருத்தரையும் பார்க்கலையாம்."

பையிலிருந்து ஒரு கட்டையும் பென் டிரைவையும் எடுத்து மேஜையில் வைத்தார். "நாப்பத்திரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை வேணும்."

அக்கா பென் டிரைவை எடுத்து நீலத்தில் செருகினார். குமாஸ்தா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"என்ன சொல்லுது?"

"இருங்க சார், இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."