லேடி டிரைவன் கார் விற்பனைக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். சஃபாரி சூட் போட்ட ஒருவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“கார் விளம்பரம் பார்த்தேன். சார் இல்லையா?”

கார் என்னுடையது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர். என் சம்பளத்தில் வாங்கியது. தினமும் மயிலாப்பூரிலிருந்து கடற்கரை ரோடு வழியாகக் காலேஜுக்கு ஓட்டிக்கொண்டு போனது நான். ‘சார்’ என்று அவர் தேடிய என் வீட்டுக்காரருக்கு கார் ஓட்டவே தெரியாது! இத்தனை வருடமும் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, “பார்த்து... பார்த்து...” என்று வாயாலேயே ஓட்டியவர்.

ரிடையராகிவிட்டேன். போக காலேஜ் இல்லை. சும்மா நிறுத்தி வைத்தால் பாட்டரிதான் செத்துப்போகும். சரி, விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். வாசலில் உட்கார்ந்து பம்பரைத் தேய்த்தேன். சீட் கவரைக் கழற்றித் துவைத்தேன். டாஷ்போர்டுக்குள் கையை விட்டால் உடைந்த சாக்பீஸ், ஹேர்பின், எந்த வருடத்துப் பரீட்சைக்கோ கொண்டுபோன சிவப்புப் பேனா. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கட்டினேன். பொய் சொல்வானேன்? அழுதேன்.

பின் கண்ணாடியில் ‘ஃபார் சேல்’ என்று எழுதி, விலாசமும் போன் நம்பரும் சேர்த்து ஒட்டினேன். பேப்பர் விளம்பரத்துக்கு வாசகம் சொன்னவர் என் வீட்டுக்காரர். “லேடி டிரைவன்னு போடு. பறந்துண்டு வருவா.”

வந்தார்கள். பெண் ஓட்டிய கார் என்றால் இடித்திருக்க மாட்டாள், விரட்டியிருக்க மாட்டாள், பொத்திப் பொத்தி வைத்திருப்பாள் என்று ஒரு நம்பிக்கை. பெண் ஓட்டிய கார் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் ஓட்டிய பெண்ணிடம் பேச மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது!

சஃபாரி சூட் அசோக் நகர்க்காரர். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். என் வீட்டுக்காரர் முன்னால் ஏறிக்கொண்டார். நான் பின் சீட்டில். தெருமுனையில் செகண்ட் கியர் விழவில்லை.

“என்ன சார், கியர் மக்கர் பண்ணுதே?”

“கொஞ்சம் தட்டிப் போடணும்” என்றார் என் வீட்டுக்காரர், பெரிய மெக்கானிக் மாதிரி.

“தட்டக்கூடாது. கிளட்ச்சை ரெண்டு தரம் மிதிச்சுட்டுப் போடுங்க” என்றேன் பின்னாலிருந்து.

மிதித்தார். விழுந்தது. உடனே இடது பக்கம் திரும்பி, “கரெக்ட் சார், நீங்க சொன்ன மாதிரி விழுந்துடுச்சு” என்றாரே பார்க்கலாம்!

யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். நான் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் ஸ்டெல்லா வந்தாள். நொச்சிக்குப்பத்துக்காரி, ஏலத்தில் மீன் எடுத்து ரோட்டோரம் விற்கிறவள். சிக்னலில் என் பின் கண்ணாடியைப் பார்த்து விலாசம் குறித்துக்கொண்டாளாம். அவள் கேட்ட முதல் கேள்வியே வேறு.

“இன்னாம்மா, நீதான் ஓட்டுவியா? வண்டி எப்டி கீது, நீயே சொல்லு.”

சொன்னேன். கியரைச் சொன்னேன். மழை பெய்தால் இடது கதவில் ஒழுகும் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சுற்றி வந்தாள். “எம் புள்ள ஊரான் வண்டிய ஓட்டிக்கினு கீறான்மா. சொந்தமா ஒண்ணு வாங்கிக் குட்த்தா நிமிந்துக்குவான். வெள்ளிக்கெழம சீட்டுப் பணம் வருது. அதுவரிக்கும் வேற யாருக்கும் தராத.”

விலை படிந்தது. “அட்வான்ஸ் வேண்டாம், என் வார்த்தை போதும்” என்றேன்.

“எங்க கரையில ஏலம்னா கையடிச்சா முடிஞ்சுது. அப்றம் எவன் வந்து ஜாஸ்தி குட்த்தாலும் மீனு அவனுக்கு இல்ல” என்று கையை நீட்டினாள். நானும் பளாரென்று அடித்தேன். இந்தக் காரைப் பற்றி என்னோடு நேராகப் பேசி முடித்த ஒரே ஆள் அவள்தான். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

புதன்கிழமை தி.நகரில் ஒரு கல்யாணம். போய்விட்டு வந்தால் என் வீட்டுக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

“முடிச்சுட்டேன். அசோக் நகர்க்காரர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிட்டார். இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடு.”

“ஸ்டெல்லாவுக்குச் சொல்லியாச்சே!”

“மீன் கூடையை ஏத்திண்டு போவா. பூ வெச்சு ஓட்டின வண்டிடி அது.”

“பூ வெச்சவ நான். யாருக்குக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்.”

“நான் வார்த்தை குடுத்துட்டேனே... என் மரியாதை என்ன ஆறது?”

“அப்போ நான் குடுத்தது என்ன? கொத்தவரங்காயா?”

கையெழுத்துப் போடவில்லை. எனக்கென்று இருந்த ஒரே ஆயுதம் அந்தக் கையெழுத்துதான். மறுநாள் சாயங்காலம் முணுமுணுத்துக்கொண்டே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா வரவில்லை. சனிக்கிழமையும் காணோம். பொறுக்க முடியாமல் காரை எடுத்துக்கொண்டு நானே நொச்சிக்குப்பம் போனேன். ரோட்டோரம் சங்கரா மீனைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏன் வரலை ஸ்டெல்லா?”

“வியாயக்கெழம காலைல கடையாண்ட இருந்து போன் போட்டேன். ஐயா எட்த்தாரு. வண்டி வித்தாச்சு, வைம்மா போனன்னாரு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஒரு போனைப் பற்றி அந்த மனுஷர் என்னிடம் வாயே திறக்கவில்லையே!

“விக்கலை. இதோ வண்டி, இதோ சாவி. பணம் மெதுவா குடு. கையடிச்சிருக்கோம் இல்லையா?”

சாவியைப் பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை, கண்ணில் தெரிந்தது. ஆனால் கையை நீட்டவில்லை.

“நீ நல்லவதாம்மா. ஆனா உன் பேச்சு உன் வூட்லயே நிக்கலியே. நாளிக்கு ஐயா வந்து வண்டியக் குடுன்னு நின்னா, எம் புள்ள இன்னா பண்ணுவான்?”

“வண்டி என் பேர்ல இருக்கு ஸ்டெல்லா!”

“பேரு உன்துதான். போன எட்க்கறது அவுருதான?”

முப்பது வருடம் வகுப்பில் நின்று பேசியவள் நான். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு திரும்பினேன். அசோக் நகர்க்காரர் என்னை அவமானப்படுத்தியபோது கோபம்தான் வந்தது. இவள் உண்மையைச் சொன்னபோது வலித்தது.

வீட்டில் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. இதைப் படித்துவிட்டு அவர் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டுமே! புதிதாக என்ன செய்துவிடப் போகிறார், பேசாமல் இருப்பாரா?

மறுபடியும் விளம்பரம் கொடுத்தேன். ‘லேடி டிரைவன்’ என்பதை அடித்துவிட்டு, ‘விற்பவர் பெண்; பேச வேண்டியதும் அவரிடமே’ என்று எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் படித்துவிட்டு, “இது தேவையா மேடம்? வார்த்தைக்குத்தான் காசு” என்றார். தேவைதான் என்றேன்.

டெலிபோனை ஹாலிலிருந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் மாற்றி வைத்துக்கொண்டேன். ஞாயிறு பூராவும் காத்திருந்தேன். ஒரே ஒரு கால் வந்தது. முதல் மணியிலேயே எடுத்து, “ஹலோ, கார் விஷயமா?” என்றேன்.

“ஆமாம்மா... சார் இல்லையா?”