சக்கரத்துக்கு எதைப் போட்டுக் கழுவுவது?

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. ரப்பர் விலை சரிந்து, வெள்ளைக்காரத் துரைமார் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய காலம் அது. அப்படிக் கிளம்பிய ஒரு சின்னத்துரையிடமிருந்து அப்பா அந்தக் காரை வாங்கினார். ஜோகூரில் செடெனாக் பக்கத்தில், கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா டிரசராக இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கென்றுதான் கார் வாங்கினார். வாங்கிய பிறகு கார்தான் அவருடைய பெரிய நோயாளி.

அதிலும் அந்தச் சக்கரங்கள்! பாலாடை நிறம் பூசிய கம்பிச் சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் நெருக்கமாக ஆரக்கம்பிகள். எங்கள் தோட்டத்து மண்ணோ செக்கச்செவேலென்று இருக்கும். ஒரு தூறல் போட்டால் போதும், கார் காவி கட்டிக்கொண்டு வரும். ஞாயிறு காலையில் அப்பா கட்டுத்துணியை நாடா நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு கம்பிக்கும் நடுவே நுழைத்து இழுப்பார். நான் வாளி பிடிக்க வேண்டும். அவர் வாய் சும்மா இருக்காது. மண்ணெண்ணெய் ரப்பருக்கு விஷம், சாம்பல் போட்டால் சாயம் சுரண்டும், சோடாக்காரம் கையையும் தின்னும் காரையும் தின்னும் என்று ஆஸ்பத்திரியில் பத்தியம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போவார். அம்மா இதில் ஒரு வார்த்தையைக்கூடக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் தோட்டத்து ஸ்டோருக்குக் கணக்கு எழுதும் கிராணி இருந்தார். துரைக்கு வேண்டியவர். தோட்டத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளைப் போலக் கவனமில்லாத ஒருத்தியை நான் பார்த்ததே கிடையாது. ஒரு வாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்பாள். அடுத்த வாரம் கதவு இடித்துவிட்டது என்பாள். நெற்றியில், கையில், முழங்காலில் என்று அப்பா அவளுக்குப் போட்ட கட்டுகளுக்குக் கணக்கே இல்லை. கீழே பார்த்து நடந்தால் என்ன என்று ஒரு தடவை நானே அவளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று அப்போதும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு முக்கியமான நாள். கூலாயில் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிறார்கள், காரில் கூட்டிப் போகிறேன் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அப்பாவின் தம்பியான அவர் வேலை தேடுகிறேன் என்று எங்களோடு தங்கியிருந்தார். கார் ஓட்ட மட்டும் கற்றுக்கொண்டிருந்தார். அப்பா மருந்து வாங்க முதல்நாளே ரயிலேறி ஜோகூர் பாருவுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை சாயங்கால ரயிலில்தான் திரும்புவார்.

காலையில் நான் எழுந்தபோது கொட்டகையில் காரைக் காணவில்லை. சித்தப்பாவையும் காணவில்லை. அம்மா பின்வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. என்னை விட்டுவிட்டு அவர் மட்டும் கூலாய்க்குப் போய்விட்டாரோ என்று எனக்கு அழுகை முட்டியது.

வெயில் ஏறிய பிறகு கார் வந்து சேர்ந்தது. நான்கு சக்கரமும் அடையாளம் தெரியவில்லை. சிவப்பு மண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. சாம்பலும் கறுப்புமாக, பிசுபிசுவென்று, அழுகின மீன் நாற்றத்தோடு கம்பிக்குக் கம்பி அப்பியிருந்தது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரோட்டுலயே நிறுத்துன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"நிறுத்தினேன் அண்ணி. நடக்க முடியல. அதான் தோணி கிட்ட வரைக்கும் இறக்கினேன். சக்கரம் மாட்டிக்கிச்சு."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

நடக்கச் சோம்பல்பட்டுக் காரைச் சேற்றில் இறக்கியிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். தோணி என்றால் மீன் பிடிக்கத்தான் போயிருக்க வேண்டும். மீன் எங்கே என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள்.

அதற்குப் பிறகு படமும் இல்லை, கூலாயும் இல்லை. சாயங்காலத்துக்குள் சக்கரம் பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். சித்தப்பா நாலு வாளித் தண்ணீரை விசிறி அடித்தார். மேலே இருந்தது போயிற்று. கம்பி இடுக்கில் இருந்தது அதற்குள் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. அம்மா பார் சவுக்காரத்தைத் துருவிப் போட்டாள். நுரைதான் வந்தது. சாம்பலும் புளியும் கொண்டுவரச் சொன்னாள். பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல் ஒரு சக்கரத்தைத் தேய்த்தாள். சேற்றோடு சாயமும் கொஞ்சம் வந்தது.

"மண்ணெண்ணெய் போட்டா வழுவழுன்னு வந்துரும் அண்ணி."

"நாத்தம் போகுமா?"

"சேத்து நாத்தம் போயிரும். மண்ணெண்ணெய் நாத்தம் இருக்கும்."

"எந்த நாத்தமும் இருக்கக் கூடாதுடா, மடையா!"

ஆனாலும் மண்ணெண்ணெய் போட்டார்கள். டயர் ஓரம் கறுப்பாகக் கசிந்தது. அந்த வாடையைப் போக்க நான் பிளிம்பிங் மரத்தில் ஏறினேன். அதன் தண்டில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் புளிப்புக் காய்களை மடி நிறையப் பறித்து வந்து நசுக்கினேன். விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. பாவாடை பாழாயிற்று. ஒரு சக்கரத்துக்கு ஒன்று என்று நான்கு சக்கரமும் நான்கு விதமாக இருந்தன. அப்பா பத்தியம் சொல்வதைக் கொஞ்சமாவது கேட்டிருந்தால் இவர்களுக்கு இந்தக் கதி வந்திருக்குமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கிடையே சித்தப்பாவைக் காணோம். திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடிச் சீசா. கித்தாப் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட்.

"இதைத் தொட்டு வச்சாப் போதும் அண்ணி, அப்படியே உரிச்சு எடுத்துரும்."

"இது ஏது?"

"ஸ்டோர்லதான். கிராணிகிட்ட கேட்டு..."

அம்மாவின் கையிலிருந்த தேங்காய் நார் கீழே விழுந்தது. "யார்கிட்ட? அந்த ஆள்கிட்டயா? என்னன்னு சொல்லிக் கேட்ட?"

"கார்ச் சக்கரம் கழுவணும்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "அலாமாக்!" என்றார் மெதுவாக.

அம்மா அவரை அடிக்காததுதான் குறை. சீசாவைத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் விபரீதம் என்றாள். வாங்கியதற்காவது போடு என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா போட்டார். அவர் சொன்னபடியே அது உரித்து எடுத்தது, சேற்றை அல்ல, பாலாடை நிறத்தை.

மத்தியானம் பக்கத்து வீட்டில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. கிராணி சாப்பிட வந்திருந்தார். அக்காவைக் கூப்பிடும் குரல், பிறகு ஏசும் குரல். பிறகு அவர் சைக்கிளில் ரயில் நிலையத்துப் பக்கம் வேகமாகப் போனார். அம்மா தலை நிமிரவில்லை. "நீ தேய்" என்றாள் என்னிடம்.

அப்பா மருந்துப் பெட்டியோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கியதும், கிராணி எங்கள் வாசலில் சைக்கிளைச் சாய்த்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தன. கிராணியின் சட்டை முழுக்க வேர்வை. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார்.

"டிரசர், என் வீட்டுக்காரியைக் காணோம். ஸ்டேஷன்ல விசாரிச்சேன், ரயில் ஏறலையாம். தோட்டத்துல காருன்னா துரை காரு, அப்புறம் உங்க காரு." குரல் தாழ்ந்தது. "உங்க காரு இன்னைக்கு எங்கயாச்சும் போச்சா?"

சித்தப்பா குனிந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். எனக்கோ அன்று முழுதும் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் பீறிட்டது.

"எங்கயும் கூட்டிட்டுப் போகல! காலையிலேருந்து இந்தச் சக்கரத்தைத்தான் கழுவிக்கிட்டே இருக்காங்க! சேறு போகவே மாட்டேங்குது!"

கிராணி குனிந்தார். ஆரக்கம்பியின் அடியில் மிச்சமிருந்த சாம்பல்நிறச் சேற்றை நகத்தால் கிள்ளி எடுத்தார். "இது நம்ம தோட்டத்து மண்ணு இல்லையே" என்றார்.

அப்பா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். அப்பா மருந்துப் பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"எப்படி இருக்கும்? முந்தாநாள் ஸ்கூடாய் ஆத்தோரம் ஒரு பிரசவத்துக்குப் போயி நான்தான் இறக்கினேன். கழுவி வைங்கன்னு சொல்லிட்டுப் போனா, என்ன பண்ணி வச்சிருக்காங்க பாருங்க கிராணி! இது என்ன, மண்ணெண்ணெயா? ரப்பருக்கு மண்ணெண்ணெய் போடுவாங்களா? நீங்க ஸ்டோர் ஆளு, நீங்களே சொல்லுங்க!"

கிராணி ஏதோ சொல்ல வந்தார். அப்பா விடவில்லை. அவர் தோளைப் பிடித்து அடுத்த சக்கரத்துக்கு நகர்த்திக்கொண்டு போனார். இது சாம்பல், பாருங்கள் எப்படிக் கீறியிருக்கிறது. இது சவுக்காரம், ஆனால் வெந்நீர் இல்லாமல். இது ஆசிட்டா? ஆசிட்டை யார் கொடுத்தது? நீங்களா? தண்ணீர் கலக்காமல் கொடுக்கலாமா? சோடாக்காரத்தின் குணம் என்ன, எலுமிச்சையின் குணம் என்ன, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று அப்பா தன் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முழுவதையும் அந்த மனிதர் தலையில் கொட்டினார். நடுநடுவே அம்மாவைப் பார்த்து, "உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினார். அப்பா அம்மாவிடம் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

முந்தாநாள் கார் கொட்டகையில்தான் நின்றது. நான் அதில் உட்கார்ந்து விளையாடியிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. மண்ணெண்ணெயும் புளியும் நாறிய கை.

கிராணி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு நகத்திலிருந்த சேற்றைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் விசாரிக்கிறேன் என்று சைக்கிளை எடுத்தார். அவர் வளைவு திரும்பும் வரைக்கும் அப்பா எலுமிச்சையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

அந்த அக்கா அன்று காலையில் கெலாங் பாத்தா கடற்கரையில் தோணி ஏறி, சிங்கப்பூரில் இருந்த தன் தமக்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள் என்பதை எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். காலில் பட்ட அடியில் அவளால் நடக்க முடியவில்லையாம். விஷயம் துரை காதுக்குப் போனால் அப்பாவின் வேலை போய்விடும். தனக்குத் தெரியாது என்று அவர் சத்தியம் செய்து சொல்லும்படி இருக்கட்டும் என்றுதான், அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, அவரிடமும் மூச்சு விடாமல் அம்மாவும் சித்தப்பாவும் இதைச் செய்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் இது எதுவும் எனக்குத் தெரியாது. ரோடு வெறுமையான பிறகு அப்பா பேச்சை நிறுத்தினார். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, ஒரு விரலால் சேற்றைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"அப்ப எதைப் போட்டுத்தான் கழுவுறது?" என்றாள் அம்மா. "அதையாவது சொல்லித் தொலைங்க."

"கடல் சேத்துக்கு ஒண்ணும் போட வேணாம்" என்றார் அப்பா. "ஈரச் சாக்கைச் சுத்தி ஊற வைக்கணும். வெறும் தண்ணி போதும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அப்பா உள்ளே போகவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் வெந்து சுருங்கிப்போன என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆற்றுச் சேறு என்று சொன்ன வாய் எப்படிக் கடல் சேறு என்றது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு நாள் முழுக்கப் பாழ், படமும் போயிற்று, கடைசியில் வெறும் தண்ணீராம். தண்ணீர் போதும் என்று சொன்னதற்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்று அம்மாவின் மேல்தான் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.