என் வரம்புக்கு மருந்து வேண்டாம்

இன்று காலை விசுவமடுவிலுள்ள என் வயலுக்குச் சென்றபோது, பக்கத்து வயல்காரர் முதுகில் மருந்துத் தாங்கியுடன் என் வரம்பில் நின்றார். தன் வரம்புகளுக்கு அடித்து மிஞ்சிய களைகொல்லியை எனக்கு உபகாரமாகக் கொண்டுவந்திருந்தார்.

“உங்கட வரம்பு பத்தையாக் கிடக்கு, தங்கச்சி. றோட்டால போற சனம் என்னையெல்லோ கேக்குது. அடிச்சு விடுறன்.”

இங்கே வரம்பு மொட்டையாக இருந்தால்தான் அது உழைப்பாளியின் வயல். புல் நின்றால் சோம்பேறியின் வயல்.

அந்தப் புல்லை நான் விரும்பியே விட்டிருக்கிறேன். அதில் வாழும் சிலந்திகளையும் தவளைகளையும் குருவிகளையும் பல்கலைக்கழகச் சூழலியல் ஆய்வாளர் ஒருவர் இந்தப் போகம் முழுவதும் அவதானித்து வருகிறார். மருந்து பட்டால் அவருடைய ஆய்வு இன்றோடு பாழாகிவிடும்.

“வேண்டாம் அண்ணை,” என்றேன்.

“அந்தக் கம்பஸ் பிள்ளை சொன்னதெண்டு காடு வளக்கிறீங்களோ?”

“அவா வர முதலே வளத்தனான். புத்தகம் வாங்கி நானே படிச்சு விட்ட புல்லு.”

“எலி வந்து என்ர நெல்லையும் தின்னப்போகுது!”

“பயப்பிடாதேங்கோ, பின்னால சாரைப் பாம்பும் வரும்.”

அவர் தெளிகுழாயைக் கையிலெடுத்தார். நான் புல்லின் நடுவே சென்று, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“அடிக்கிறதெண்டா என்னில இருந்து தொடங்குங்கோ.”

“விசர் மனுசி,” என்றபடி அவர் திரும்பி நடந்தார்.

என் வரம்பு அழகற்றது எனக் கருதுவோர் இந்தப் பதிவின் கீழே தாராளமாக எழுதலாம். மருந்துடன் வர விரும்புவோர் மட்டும் முற்கூட்டியே அறிவியுங்கள்; நான் புல்லில் நிற்க வேண்டும்.