எலுமிச்சம்பழம் ஆகாத அறை

பெங்களூரில் தேங்காயெண்ணெய் காலையில் கல்லாகிவிடுகிறது. திருச்சியில் ஆயுள் முழுவதும் என் தலையில் சமர்த்தாக வழிந்த அதே எண்ணெய், இந்த ஊர்க் குளிரில் வெள்ளைக் கட்டியாக இறுகி, சீசாவின் கழுத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. என் மனைவி அதை விளக்குமாற்றுக் குச்சியால் குடைந்து எடுக்கிறாள். வந்த புதிதில் சமையலறை அலமாரியில் ஒரு வெள்ளைக் கட்டியைப் பார்த்து, எண்ணெய்தான் இங்கே இந்தக் கோலத்தில் இருக்கிறது, கற்கண்டாவது கற்கண்டாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாயில் போட்டுக்கொண்டேன். அது படிகாரம். வெள்ளையாக இருப்பதை நம்பாதே என்று தேசபக்தர்கள் மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது உறைத்தது படிகாரத்தில்தான்.

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நான் இப்போது பிழைப்பு நடத்துவதே வெள்ளைக் கட்டிகளோடுதான். திருச்சியில் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவனை யுத்தம் இங்கே கொண்டுவந்து போட்டது. யுத்த சாமான் செய்யும் ஆலை ஒன்றில் ரசாயனக் கிடங்குக்கு நான் பொறுப்பாளன். பிரேசர் டவுனில் ஒரு சந்தில் குடித்தனம். ஊர் நண்பர்கள், 'குளிர் பிரதேசம், குஷியான உத்தியோகம், உனக்கென்ன!' என்று எழுதுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்பு நடுங்குவது குளிரால் அல்ல.

ஆலைக்குள் ஓர் உத்தரவு வந்தது. கிடங்கில் உள்ள ஒவ்வொரு ரசாயனமும் எந்த விதத்தில் ஆபத்தானது என்று பார்த்து வகைப்படுத்த வேண்டும். தீப்பற்றுவதற்குச் சிவப்பு, தோலையும் இரும்பையும் அரிப்பதற்கு மஞ்சள், விஷத்துக்கு மண்டையோட்டுடன் கறுப்பு. சாதுக்களுக்கு வர்ணம் கிடையாது. ஒரு டிரம்முக்கு ஒரே வர்ணம்தான். இரண்டு பூசினால் வேலையாட்கள் குழம்பிவிடுவார்களாம். நான் முதலில் பரீட்சார்த்தமாக என்னையே வகைப்படுத்திப் பார்த்தேன். எளிதில் பற்றிக்கொள்ள மாட்டேன். யாரையும் அரிப்பதில்லை, இதில் என் மனைவியின் அபிப்பிராயம் வேறு. விஷம் பேச்சில் மட்டும். ஒரு சாதாரண வாத்தியாரையே ஒரு வர்ணத்துக்குள் அடக்க முடியவில்லை. சயனைடை எப்படி அடக்குவது?

சயனைடு என்பது சோளப்பொரி நிறத்தில் கட்டிகட்டியாக வரும் உப்பு. எங்கள் ஆலையில் அதை ஓர் இரும்புத் தொட்டியில் போட்டு உருக்கி, சின்னச் சின்ன இரும்புச் சாமான்களை அதில் முக்கி எடுப்பார்கள். இரும்பின் மேல்தோல் வைரம் பாயும். தின்றால் சாவு என்பது ஊரறிந்த விஷயம். ஊரறியாத விஷயம் ஒன்று உண்டு. அதன்மேல் புளிப்பு பட்டால், எந்தப் புளிப்பானாலும், ஓர் ஆவி கிளம்பும். அதைத் தின்ன வேண்டாம், தொட வேண்டாம், மூச்சு விட்டால் போதும். கசப்பு வாதுமை வாசனை அடிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. சில மூக்குகளுக்கு அதுவும் தெரியாதாம். என் மூக்கோ மூக்குப்பொடிக்கு என்றோ எழுதிக்கொடுத்துவிட்ட மூக்கு.

திருச்சிப் பள்ளிக்கூடத்திலும் சயனைடு இருந்தது. ஒரு கட்டைவிரல் உயரக் குப்பி, அரக்கு முத்திரை, பூட்டிய பீரோ. சாவியை ஹெட்மாஸ்டர் அரைஞாணில் முடிந்து வைத்திருந்தார். நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அந்தக் குப்பியை யாரும் திறந்ததில்லை. பையன்களை வரிசையாக நிற்கவைத்து, கண்ணாடிக்கு இப்பாலிருந்து கோயில் மூலவரைக் காட்டுவதுபோல் காட்டிவிட்டு அனுப்பிவிடுவோம். இங்கே அதே சரக்கு டிரம் டிரம்மாக வந்து, அரிசி மூட்டைபோல் தோளில் இறங்குகிறது.

நான் ஆலையின் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையிடம் போய், "இதற்குக் கறுப்பு மட்டும் போதாது. இது விஷம்தான். ஆனால் புளிப்போடு சேர்ந்தால் வேறு விதமான விஷம்" என்றேன்.

"வேலையாட்கள் இதைச் சாப்பிடுவார்களா?" என்று கேட்டார் துரை.

"மாட்டார்கள்."

"சாப்பிட்டால்?"

"செத்துப்போவார்கள்."

"அப்படியானால் கறுப்பு" என்று சொல்லிவிட்டுப் புகைக்குழாயைப் பற்றவைத்தார்.

கறுப்பு பூசியாயிற்று. 'தின்றால் மரணம்' என்று தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதியாயிற்று. வாசகம் என்னுடையதுதான். சுருக்கமாக, கம்பீரமாக இருக்கிறது என்று எனக்கே ஒரு திருப்தி. அது ஆயுத பூஜை வரும்வரை நீடித்தது.

திருச்சியில் அந்தப் பண்டிகை ஒரு பரமசாதுவான சங்கதி. புத்தகங்களை அடுக்கி, சந்தனப் பொட்டு வைத்து, சுண்டல் தின்றுவிட்டு, இன்று படிக்கக் கூடாது என்ற தெய்வ கட்டளையை எல்லோரும் பயபக்தியோடு நிறைவேற்றுவோம். இங்கே இயந்திரங்கள் குளிக்கின்றன. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். ஒவ்வோர் அறையின் நான்கு மூலையிலும் பழத்தை அறுத்து, குங்குமம் தோய்த்து, பிழிந்து விடுகிறார்கள். இயந்திரத்தின் தலையிலும் ஒரு பழம் பிழிந்தால்தான் திருஷ்டி கழியும். பித்தளைக் குழாய்களுக்குப் புளி போட்டுத் தேய்ப்பு. வாசலில் பூசணிக்காய் சிதறும். பண்டிகைக்கு முதல் நாள் பகலில் ஒரு கைவண்டி ஆலைக்குள் வந்தது. அதில் எலுமிச்சம்பழச் சாக்கு. அத்தனை மஞ்சளாக, அத்தனை மங்களகரமாக இருந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்குச் சயனைடுத் தொட்டிதான் ஞாபகம் வந்தது.

உலை அறைக்குப் பொறுப்பு அந்தோணி. ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், மாதா கோயில் பாட்டுக் கோஷ்டியில் பெரிய குரல். சயனைடுத் தொட்டி அவருடைய ராஜ்யம். அறைச் சாவியும் அவரிடம்தான். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கள் அறையில் மட்டும் எலுமிச்சம்பழம் வேண்டாம், அந்தோணி."

அவர் முகம் சுண்டிவிட்டது. "இன்னா சார் இது? எல்லா ரூமுக்கும் பூசை, எங்க ரூமுக்கு மட்டும் கிடையாதா? நான் மாதா கோயிலுக்குப் போறவன், அதானே?"

"சேச்சே! புளிப்பு பட்டால் அதிலிருந்து விஷக் காற்று வரும் ஐயா!"

"தெனமும் அது பக்கத்துலயே நிக்கறேன். காத்தும் வரல, கீத்தும் வரல. துன்னாத்தான் சாவுன்னு டிரம்மு மேல போட்டிருக்குது. நீங்கதானே எழுதினீங்க? சும்மா பேஜாரு பண்ணாதீங்க சார். என் தொட்டிக்கு நானே என் கையால பழம் புழிவேன்."

என் கம்பீரமான வாசகம் எனக்கே எதிர்சாட்சியாக வந்து நின்றது. பூஜைக்கு ஏற்பாடு செய்யும் ருத்ரப்பா மேஸ்திரியிடம் போனேன். அவர் கன்னடக்காரர், நல்லவர், கழுத்தில் லிங்கம், குரலில் இடி. நான் தமிழும் கன்னடமும் பயமும் கலந்த ஒரு பாஷையில் சொன்னதில் 'பூஜை வேண்டாம்' என்பது மட்டும் அவர் காதில் ஏறியது. "ஏன் ஸ்வாமி, நிம்மூரல்லி ஆயுத பூஜெ மாடல்வா?" என்றார். உங்கள் ஊரில் ஆயுத பூஜையே கிடையாதா என்று அர்த்தம். சுற்றி நின்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

கடைசியாகத் துரை. அவர் கவனமாகக் கேட்டார். "அந்த அறையில் யாரும் எலுமிச்சம்பழம் சாப்பிடக் கூடாது என்று ஒரு பலகை எழுதி மாட்டு" என்றார்.

"சாப்பிடப் போவதில்லை. பிழியப் போகிறார்கள்."

"எதற்காக?"

"தேவிக்காக."

துரை இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார். "மதவிஷயத்தில் நாங்கள் தலையிடுவதில்லை."

இதுதான் என் நிலைமை. திருச்சிக்குப் போனால் நான் பெங்களூர்க்காரன்; இட்லியைத் தின்றுகொண்டே சாம்பாரில் வெல்லம் இல்லையே என்று தேடுகிறேனாம், தம்பி கேலி செய்கிறான். இங்கே நான் மதராஸ்காரன். அந்தோணிக்கு நான் அவரை ஒதுக்கும் இந்து. ருத்ரப்பாவுக்கு நான் பூஜையைக் கெடுக்கும் நாஸ்திகன். துரைக்கு நான் எலுமிச்சம்பழத்தில் மூடநம்பிக்கை உள்ள சுதேசி. நான் யார் என்பது பற்றி எல்லோரும் ஆளுக்கொரு வர்ணம் பூசிவிட்டார்கள். அந்தோணி மறுநாள் உயிரோடிருப்பாரா என்பதைப் பற்றி என்னைத் தவிர யாருக்கும் கவலையில்லை. அந்தோணிக்கே இல்லை.

பண்டிகையன்று காலை தூறல். சீக்கிரமாகவே போய்விட்டேன். உலைகளையெல்லாம் அணைத்திருந்தார்கள். எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் ஆலை வாயடைத்துக் கிடந்தது. முற்றத்தில் ருத்ரப்பாவும் மற்றவர்களும் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். உலை அறையின் கதவு சாத்தியிருந்தது. குளிருக்காக ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். கதவுக்கு வெளியே அந்தோணியின் செருப்பு.

"அந்தோணி!" என்றேன்.

பதில் இல்லை.

"அந்தோணி! உள்ளேயா இருக்கிறீர்கள்?"

நான் மூக்கைக் கதவிடுக்கில் வைத்தேன். எனக்கு மூக்குப்பொடி வாசனைதான் வந்தது. இந்த ஆவி விஷயத்தில் இன்னொரு பாடமும் உண்டு: விழுந்தவனைக் காப்பாற்ற ஓடுகிறவன்தான் இரண்டாவதாக விழுவான். என் மூளையைவிட என் கால்கள் அந்தப் பாடத்தை நன்றாக மனப்பாடம் செய்திருந்தன. அவை நகரவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் துடைத்து, ஜோடியாக, கோயில் வாசலில் விடுவதுபோல் மரியாதையாக விடப்பட்ட செருப்பு. அதைப் பார்த்ததும், எப்படி என்று தெரியாது, கதவைத் தள்ளிவிட்டேன்.

அந்தோணி தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்திருந்தார். உயிரோடு. ஆறிப்போன தொட்டிக்குள் வெள்ளை ஏடு கட்டியிருந்தது. விளிம்பில் ரோஜாப்பூ. தட்டில் குங்குமம் தோய்த்த பாதிப் பழங்கள். ஒரு பாதி அவர் கையில், தொட்டிக்கு நேர் மேலே.

"கூப்பிட்டேனே, ஏன் ஐயா பேசவில்லை?" என்று அலறினேன்.

"கோவத்துல இருந்தேன், பேசல" என்றார் அந்தோணி, திரும்பாமலே.

நான் பாய்ந்தேன். என் வயதில் பாய்வது என்றால் விழுவதற்கு முந்திய நிலை. அவர் கையிலிருந்த பாதியைப் பிடுங்கினேன். தட்டில் இருந்தவற்றையும் வாரிக்கொண்டேன். பயத்தில் கை இறுகியது. இறுகியதும் பழம் என்ன செய்யும்? அந்தோணி பிழிய நினைத்ததை நான் பிழிந்துவிட்டேன். விரலிடுக்கில் சாறு வழிந்து மணிக்கட்டுக்கு இறங்குவதைப் பார்த்தேன். தொட்டி என் முழங்காலை உரசிக்கொண்டிருந்தது. கைகளை வயிற்றோடு அணைத்து, ஜிப்பாவில் சாற்றை வாங்கிக்கொண்டு, வெளியே ஓடினேன்.

"என் பூசைப் பழத்தைப் பிடுங்கிக்கினு ஓடறாரு பாருங்க!" என்று அந்தோணி பின்னாலேயே வந்தார். முற்றத்தில் இருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ருத்ரப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. அந்த நேரத்தில் எனக்கு ரசாயனம் மறந்துவிட்டது, இங்கிலீஷ் மறந்துவிட்டது, கன்னடம் எப்போதும் இருந்ததில்லை. வாயில் வந்தது ஒரே ஒரு சொல்.

"பத்தியம்!" என்றேன். "அந்தத் தொட்டி பத்தியத்தில் இருக்கிறது. புளி ஆகாது. புளி பட்டால் மருந்தே விஷமாகி மூச்சில் ஏறும்!"

ருத்ரப்பா நின்றார். "பத்யா?" என்றார். "ஹுளி ஆகல்வா?"

"ஆகாது. ஒரு சொட்டு ஆகாது."

போன வருஷம் அவருக்கு மஞ்சள்காமாலை. நாட்டு வைத்தியர் புளிப்பைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட, பக்கத்து ஆளின் ஊறுகாயைப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டதை ஆலையே அறியும். என்னைப் பார்த்த பார்வை மாறியது. "அஷ்டேனா! இதை மொதல்லே ஹேளக்கூடாதா ஸ்வாமி?" என்றார், எனக்காகப் பாதி தமிழில்; அவ்வளவுதானா, முதலிலேயே சொல்லக் கூடாதா என்று. பிறகு அந்தோணியின் தோளில் கைபோட்டு, "நின் தொட்டிக்கு பத்யா கணோ! நம்ம காமாலெ மாதிரி!" என்றார். சிரிப்பு எழுந்தது. அந்தோணி சிரிக்கவில்லை.

"அப்ப எங்க ரூமுக்குப் பூசை?"

"பத்தியக்காரனுக்குப் பண்டிகை இல்லையா என்ன? பூ உண்டு, சந்தனம் உண்டு, கற்பூரம் உண்டு" என்றேன் நான். "எலுமிச்சம்பழம் மட்டும் வெளியே."

"வெளியே எங்கே?"

ருத்ரப்பா அறைப் படியோரம் ஒரு பழத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி என்றேன். வைத்தார். இன்னும் தள்ளி. கடைசியில் உலை அறையின் திருஷ்டி சைக்கிள் கொட்டகையில் கழிந்தது.

வர்ணம் ஒன்றுதான் இருக்கலாம் என்று உத்தரவு. எழுத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆகவே கறுப்பு டிரம்களின்மேல், மண்டையோட்டுக்குக் கீழே, இப்போது 'இதற்குப் புளி ஆகாது' என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. என் பயம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. சுவருக்கு அப்பால் மஞ்சள் பூசிய அமில ஜாடிகள் நிற்கின்றன. இரண்டும் தனித்தனியே உத்தரவுப்படி வகைப்பட்டுவிட்டன. நடுவில் உள்ளது ஒற்றைச் செங்கல் சுவர். தூக்குச்சட்டியில் புளியோதரை கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

ஆனால் அன்று காலை நடந்தது இன்னும் கொஞ்சம் பாக்கி. அந்தோணி மறுபடி உள்ளே போய், ஜன்னலைத் திறந்துவைத்து, தொட்டியின் பக்கம் குனிந்து தேடினார். "ஒரு சொட்டு கிட்டு வுழுந்திருக்குதா, நீங்களும் வந்து பாருங்க சார்" என்றார். நான் வாசற்படியில் கால் வைத்தேன்.

"வேணாம் சார்!" என்று அவரே கத்தினார். "கையி! கையி!"

என் இரண்டு கைகளிலும் சாறு பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. உள்ளே போக முடியாது. முற்றத்திலிருந்து ருத்ரப்பா, "இல்லி பன்னி ஸ்வாமி, மங்களாரத்தி!" என்று ஆரத்திக்கு இங்கே வாருங்கள் எனக் கூப்பிட்டார். அந்தோணியை அந்தத் தொட்டியோடு தனியே விட்டுவிட்டு அங்கேயும் போக முடியாது. கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, சரணடைந்த சிப்பாய்போல் படியில் நின்றேன். ருத்ரப்பா தட்டோடு என்னிடமே வந்து, கையில் கொடுக்க வழியில்லாததால், என் நெற்றியில் தாமே குங்குமம் இட்டுவிட்டுப் போனார். முதுகுப் பக்கம் கற்பூரப் புகை வந்தது. முகத்துக்கு நேரே அந்த அறையின் காற்று, வாசனை ஏதுமில்லாமல், அல்லது என் மூக்குக்கு ஏதும் தெரியாமல், மெல்ல வந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கத்துக் காற்றை இழுப்பது என்று தெரியாமல், அந்தோணி வெளியே வரும்வரை, வாசற்படியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.