ஒட்டாத நோயோடு பம்பாயில்

கடந்த தை மாதம், 1966இல், நெஞ்சு நோய்க்கு வைத்தியம் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து பம்பாய் போனேன். வயது நாற்பத்தொன்று, பள்ளி ஆசிரியை. பத்து மாதமாக ஊர் டாக்டர் காசம் என்றே ஊசி போட்டுவந்தார். எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய். இருமல் மட்டும் குறையவில்லை.

மெட்ராஸில் மெயில் ஏறினால் இரண்டாம் நாள் தாதரில் இறங்கலாம். தங்கை சரோஜாவும் தோல் வியாபாரம் செய்யும் அவள் கணவரும் தாராவியில் இருக்கிறார்கள். ஒரே அறை, மேலே பரண். அவர்களுடைய மூன்று வயது மகள் செல்லத்தை என் பக்கம் விடாதே என்று நானே முன்கூட்டி எழுதியிருந்தேன். குழந்தை வாசற்படியில் நின்றபடி, "பெரியம்ம எதுக்கு வாயக் கட்டியிருக்கா?" என்று கேட்டது. அப்போதே திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

சயானில் லோக்கல் ரயில் பிடித்தால் ஆஸ்பத்திரி இருக்கும் பரேல் பக்கம்தான். பெண்கள் பெட்டியில் ஏறி இரண்டு முறை இருமினேன். பெஞ்சு முழுவதும் காலியானது. வசதிதான், ஆனால் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ் டாக்டர் என்னையும் சரோஜாவையும் அழைத்தார்.

"சிகரெட் உண்டாம்மா?"

"இல்லை."

"ஆத்துக்காரர்?"

"மூக்குப்பொடி மட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் நேராகச் சொன்னார்: நுரையீரலில் புற்றுநோய், மறுபக்கமும் பரவியிருக்கிறது, அறுக்க முடியாது, கதிர் வைத்தால் இருமலும் வலியும் தணியும். எத்தனை காலம் என்று நான் கேட்கவில்லை.

"இது ஒட்டுமா, டாக்டர்?"

"ஒட்டாதும்மா. காசமே இல்லை. கொழந்தையைத் தாராளமா தூக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்ததும் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏ அக்கா, ஒனக்குக் கிறுக்கா? அவரு என்ன சொல்லுதாரு, நீ என்ன சிரிக்க?"

"செல்லத்தத் தூக்கலாம்னு சொல்லுதாருட்டீ."

அன்று சாயங்காலம் வாய்த்துணியை அவிழ்த்தேன். செல்லம் அருகில் வந்து என் மூக்கைத் தொட்டுப் பார்த்தது. பிறகு மடியில் ஏறி, என் தட்டிலிருந்த தயிர்ச்சோற்றைத் தின்றது. சரோஜா தடுக்கவில்லை. நோய் அப்படியேதான் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஆனாலும் இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கதிர் வைத்த பிறகு இருமல் பாதியாகிவிட்டது. சயான் ஸ்டேஷன் படிகளை ஓரிடத்தில் மட்டும் நின்று ஏறிவிடுகிறேன்.

இதே காரியமாக வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தாதரிலேயே இறங்குங்கள், கடைசி ஸ்டேஷன் வரை போகவேண்டாம். எக்ஸ்ரே படங்களைச் சுருட்டாமல் புடவைகளுக்கு நடுவே வையுங்கள். லோக்கலில் ஆபீஸ் கூட்டம் குறைந்த பிறகு ஏறுங்கள். ஒட்டுமா என்ற கேள்வியை, நீங்கள் தங்கும் வீட்டுக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேளுங்கள். திரும்பிப்போக டிக்கெட்டை முன்னதாக எடுக்கவேண்டாம். நான் எடுத்து வந்திருந்தேன். செல்லம் என் மடியில் ஏறியதற்கு மறுநாள் காலையில், என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், தங்கை கணவர் அதைக் கொண்டுபோய் ரத்து செய்துவிட்டு வந்தார்.