ஆடி மாதமும் பார்ட்னர் விசாவும்

ஆக்லாந்தில் தமிழர்கள் கூடும் எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் மூன்றாவது கேள்வி விசாவைப் பற்றியதாகத்தான் இருக்கும். எந்த ஊர், என்ன வேலை, அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "நீங்க என்ன விசா?" பதிலைக் கேட்டதும் முகம் மாறும். மாணவர் விசா என்றால் பரிதாபமாகப் பார்த்து இன்னொரு வடை வைப்பார்கள். இங்கேயே தங்கிவிடலாம் என்ற ரெசிடென்ட் விசா என்றால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். நிரந்தர ரெசிடென்ட் என்றால் நேராக வீட்டுக் கடன் பேச்சுதான். மேல், கீழ் எல்லாவற்றையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாக நாங்கள் சொல்லிக்கொள்வோம். எங்கே விட்டோம்? பாஸ்போர்ட்டுக்குள் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

நானும் அந்தப் படிகளில்தான் ஏறிக்கொண்டிருந்தேன். படிக்க வந்தபோது மாணவர் விசா. படிப்பு முடிந்ததும் எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்ற திறந்த விசா. அது ஓராண்டுதான். அதற்குள் மனுரேவாவில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் கணினி வேலை கிடைத்தது. அடுத்து வந்த வேலை விசாவில் என் பெயரோடு முதலாளியின் பெயரும் அச்சாகியிருந்தது. அந்தக் கம்பெனியை விட்டால் அந்த விசாவும் போச்சு. ஏவன்டேலில் அறை எடுத்திருந்தேன். அங்கிருந்து நியூமார்க்கெட் போய் ரயில் மாறி வேலைக்குப் போவேன். இதுவரைக்கும் எல்லா விசாவையும் படித்தோ உழைத்தோ வாங்கிவிட்டேன். குடும்பம் நடத்திக் காட்டி வாங்க வேண்டிய விசா ஒன்று இருப்பது கல்யாணம் ஆன பிறகுதான் தெரிந்தது.

அது இரண்டாயிரத்துப் பதினைந்து, பதினாறு வாக்கில். வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம். மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மாத விடுப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் தாலி ஏறியது. மதுரையில் கணவர் வீட்டில் ஒரு வாரம்கூட இருந்திருக்க மாட்டேன். அந்த நாட்களும் பெரியப்பா வீட்டு விருந்து, அத்தை வீட்டு விருந்து என்றே கழிந்தன. அதற்குள் ஆடி பிறக்கப் போகிறதென்று என் அம்மா திண்டுக்கல்லிலிருந்து சீர்த் தட்டுகளோடு வந்து இறங்கிவிட்டாள். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போக வேண்டுமாம். ஆடியில் பிள்ளை உண்டானால் சித்திரை வெயிலில் பிறக்கும், தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு.

"எனக்கு மொத்தமே ரெண்டு மாசம்தாம்மா லீவு. அதுல ஒரு மாசத்த ஆடிக்குத் தூக்கிக் குடுத்துட்டா நான் எப்பத்தான் அவரோட இருக்கிறது?"

"ஒலகத்துல இல்லாத புருசன்! நாங்கல்லாம் இருந்து வரலையா? ஊரு என்னடி பேசும்?"

என் கோபம் அம்மாவிடமிருந்து வந்ததுதான். அதனால் அவளிடம் அது செல்லாது. பெட்டியைக் கட்டினேன்.

அந்த மாதம் எனக்குத் திடீரென்று பக்தி பொங்கியது. ஆடி வெள்ளி தவறாமல் தலைக்குக் குளித்து, பூ வைத்து, அம்மன் கோயிலுக்குக் கிளம்பினேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெளிநாடு போயும் பிள்ளை மாறவில்லை என்று தெருவெல்லாம் சொன்னாள். கோயிலுக்கு உண்மையாகவே போனேன், அர்ச்சனையும் செய்தேன். அங்கிருந்து ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். மதுரை பஸ்ஸில் வந்து இறங்கிய என் கணவர் பக்கத்துப் பிரியாணிக் கடையின் ஃபேமிலி ரூமில் உட்கார்ந்திருப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் தனியாகப் பேசியது மாடியில் அரை மணி நேரம். அவர் எப்படிப்பட்டவர் என்று அந்த ஃபேமிலி ரூமில்தான் தெரிந்துகொண்டேன். கோபம் வந்தால் பேசாமல் தண்ணீர் குடிப்பார். நான் ஆக்லாந்து மழையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பேன், அவர் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலிருப்பார். அங்கேதான் எனக்கு அவர் மேல் ஆசை வந்தது. தாலி கட்டிய அன்றே வந்தது என்று சொன்னால் அது பொய். திருடித் தின்ற அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. வாட்ஸப்பில் எவராவது பார்த்து அம்மாவிடம் வத்தி வைத்துவிட்டால்? அந்தப் பயம்தான்.

ஆவணி பிறந்தது. இரண்டு வாரம் மதுரையில் சேர்ந்து இருந்தோம். பிறகு நான் விமானம் ஏறினேன், அவர் விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

ஆக்லாந்து வந்ததும் அவருக்குப் பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். கல்யாணச் சான்றிதழ் மட்டும் போதாது, சேர்ந்து வாழ்கிற உண்மையான உறவு என்று காட்ட வேண்டும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன். நானூறு படங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் எங்கள் இருவருக்கும் நடுவில் யாராவது ஒரு சித்தப்பா நின்றார். ஏவன்டேலில் என் அடுத்த அறையில் ஒரு மலேசியத் தமிழ் அக்கா இருந்தார், நர்ஸ். அவரும் எட்டிப் பார்த்தார்.

"என்னா லா இது, மீட்டிங் போட்டோ மாதிரி இருக்கு? நீங்க ரெண்டு பேரும் எங்க?"

குடும்பத்தில் யாரிடம் விசாரிக்கலாம் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். அம்மா நன்றாகப் பேசுவாள் என்று நம்பினேன். அவள் பேசவும்தான் செய்தாள்.

முதலில் விசா அதிகாரி என்னிடம் தொலைபேசியில் பேசினார். நிதானமான ஆள். கல்யாணம் ஆன ஒரு வாரத்துக்குள் ஏன் தனித்தனி வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்டார். கிடங்கின் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு ஆடி மாதத்தையும், சித்திரை வெயிலையும், இடையிலுள்ள பத்து மாதக் கணக்கையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. "அந்த ஒரு மாதமும் நீங்கள் சந்திக்கவே இல்லையா?" என்றார் கடைசியில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்தித்தோம் என்றேன். கடை எங்கே இருக்கிறது, என்ன சாப்பிட்டோம் என்பது வரைக்கும் சொன்னேன். மறுநாள் என் கணவரிடம் தனியாகக் கேட்டபோது அவரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அம்மா கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு குதூகலம்.

"இன்னைக்கு ஒங்க ஊரு கவர்மென்ட்ல இருந்து போன் வந்துச்சுடி. ஆபீசர் இங்கிலீசுல கேக்க, ஒரு அம்மா தமிழ்ல சொன்னாங்க. இலங்கைத் தமிழ். 'ஓம் அம்மா, நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ'ன்னு, நிதானமாப் பேசச் சொல்லி, என்னா மரியாத! நானும் ஒண்ணுவிடாம எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்னம்மா சொன்ன?"

"நம்ம குடும்பம் எப்பேர்ப்பட்ட குடும்பம்னு சொன்னேன். ஆடி மாசம் பூராவும் பிள்ளைய நம்ம வீட்லதான் வச்சிருந்தோம், மாப்பிள்ளை கண்ணுலகூடக் காட்டலன்னு அடிச்சுச் சொன்னேன். வெள்ளிக்கெழம தவறாம கோயிலுக்குப் போனான்னும் சொன்னேன்."

மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று என் அம்மா எங்கள் கல்யாணத்தையே காணாமல் அடித்துவிட்டாள்.

அதிகாரியின் அழைப்பு வந்தபோது நியூமார்க்கெட் நடைமேடையில் இருந்தேன். "வாராவாரம் சந்தித்ததாக நீங்கள் இருவரும் சொல்கிறீர்கள். ஒரு நாளும் சந்திக்கவில்லை என்று உங்கள் அம்மா உறுதியாகச் சொல்கிறார். பேசி வைத்துக்கொண்டு சொன்ன கதையோ என்று நான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் விளக்கம் அனுப்புங்கள்." மரியாதையாகத்தான் சொன்னார். என் ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயே போய்விட்டது.

விசா மறுக்கப்பட்டால் அந்த மறுப்பு என் கணவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும். நான் ஏறி வந்த படிகளெல்லாம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்றாகிவிடும். எதை விடுவது என்ற கேள்வியே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டையும் ஏன் விட வேண்டும்?

அன்று மாலை கணவரைக் கூப்பிட்டேன். அவர் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "அத்தைகிட்டச் சொல்ல வேணாம்ப்பா, பாவம், மனசு ஒடஞ்சிருவாங்க. இத வாபஸ் வாங்கிட்டு விசிட்டர் விசா போட்டுப் பாப்போமா?"

"விசிட்டரா? என் புருசன் என் வீட்டுக்கு விருந்தாளியா வரணுமா?" என்று கத்தினேன். அடுத்த அறையில் அக்காவின் டிவி சத்தம் குறைந்தது.

அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தப்பு செய்துவிட்டதாக அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. கட்டிய கணவனைப் பார்க்கப் போனேன், அவ்வளவுதான்.

"அப்ப அர்ச்சன?"

"அர்ச்சன பண்ணிட்டுத்தாம்மா போனேன்."

"போயி?"

"பேசிட்டு இருந்தோம். மட்டன் பிரியாணி சாப்பிட்டோம்."

"ஆடி வெள்ளிக்கெழமையாடி!"

போன் வைக்கப்பட்டுவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்ததைக்கூட மன்னித்திருப்பாள் என்று நினைக்கிறேன். மட்டன்தான் மாட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அம்மா எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி அதிகாரிக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமைகளை அம்மாவிடம் மறைத்தோம், இப்போது சொல்லிவிட்டேன், அம்மாவிடமே மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். அக்காவுக்குப் பகீரென்றது. "அம்மா கோவத்துல மறுபடியும் இல்லன்னு சொல்லிட்டா என்னா பண்ணுவ?" சொன்னால் சொல்லட்டும் என்றேன் வீறாப்பாக. வாய்தான் அப்படிச் சொன்னது. கை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தது.

ஒரு வாரம் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் அழைப்பு வந்தது. எடுத்ததும் "ஹலோ"கூட இல்லை.

"அந்த ஆபீசர் திரும்பக் கூப்பிட்டாருடி. 'நீங்க மொதல்ல சொன்னது பொய்யா?'ன்னு கேட்டாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! நான் பொய் சொல்லல ஐயா, எம் மகதான் எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கான்னேன்."

"ஐயோ, அம்மா."

"கேளு முழுசா. இத்தன வயசு வரைக்கும் எம் மக எங்கிட்ட ஒரு விசயத்த மறைச்சதில்ல. பரீச்சையில கோட்டை விட்டாக்கூட வந்து சொல்லிருவா. அப்பேர்ப்பட்டவ நாலு வாரம் சாமி பேரச் சொல்லி என்னை ஏமாத்தியிருக்கா. யாருக்காக? விசாவுக்காக நாடகக் கல்யாணம் பண்றவ எதுக்கு ஐயா இவ்வளவு திருட்டுத்தனம் பண்ணணும்? ஆடி வந்துச்சா, அப்பாடா, ஒரு மாசம் தொல்லை விட்டுச்சுன்னு நல்லாப் படுத்துத் தூங்கியிருக்க மாட்டாளா? பெத்த தாயவே ஏமாத்திட்டுப் புருசனப் பாக்க ஓடியிருக்கா. இதுக்கு மேல ஒங்களுக்கு என்ன அத்தாட்சி வேணும்? அப்படின்னு கேட்டேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"அவரு என்ன சொல்லுவாரு? தமிழ்ல சொன்ன அந்த அம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்திருச்சு. அடக்கி அடக்கி இங்கிலீசுல சொன்னாங்க. அப்புறம் ஆபீசர் ரொம்ப நன்றின்னாரு. நான் ஒண்ணும் ஒனக்காகச் சொல்லல. என்னைப் பொய் சொன்னவன்னு ஒருத்தர் சொல்லிரக் கூடாதுல்ல."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது. எந்த வக்கீல் இப்படி வாதாடியிருப்பார்? அம்மா மேல் எனக்கு அன்று வந்த கர்வம் இன்றுவரை இறங்கவில்லை.

அடுத்த மாதம் மின்னஞ்சலில் விசா வந்தது. கிடங்கின் தேநீர் அறையில் நான் போட்ட கூச்சலைக் கேட்டு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் விபத்தென்று நினைத்து ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். பின்னாளில் எங்கள் இருவருக்கும் ரெசிடென்ட் விசா வந்தது. விருந்துகளில் எனக்கும் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்கு முன் அதெல்லாம் உறை போடக் காணாது.

அவர் வந்து இறங்கிய நாள் சனிக்கிழமை. விமானம் தரையிறங்கி இரண்டு மணி நேரமாகியும் ஆளைக் காணோம். சுற்றிலும் பூமாலையும் பலூனுமாகக் குடும்பங்கள் நின்றிருந்தன. ஒவ்வொரு குடும்பமாகத் தங்கள் ஆளோடு கிளம்பிப் போக, புதிய கூட்டம் வந்து சேர்ந்தது. விசாவில் ஏதோ கோளாறு, திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். கடைசியில் தள்ளுவண்டியோடு அவர் வெளியே வந்தார், தலை கலைந்து, களைத்துப் போய். என் மாமியார் கட்டிக் கொடுத்த கருவாட்டை, வெளிநாட்டு உணவைச் சோதிக்கும் அதிகாரிகளிடம் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் அவ்வளவு நேரம் விசாரணை.

கயிற்றுத் தடுப்பைத் தாண்டி ஓடிப்போய் அவரை இறுகக் கட்டிக்கொண்டேன். எங்கள் ஆல்பத்தில் அப்படி ஒரு படமும் கிடையாது. மதுரைக்காரர் அப்படியே விறைத்துப்போனார்.

"ஏய், எல்லாரும் பாக்குறாங்கப்பா."

"பாக்கட்டும்," என்றேன், கையை எடுக்காமல். "எத்தன பேரு பாக்குறாங்களோ, நமக்கு அத்தன சாட்சி."