சுண்டக்கறி நாட்கள்

கடல் பெருகி வந்து என் தங்கச்சியைக் கொண்டுபோன பிறகு ஆரையம்பதியில் சில மாதம் யாரும் மீன் வாங்கவில்லை. நம் ஆட்கள் கிடக்கும் கடலின் மீனை எப்படித் தின்பது? பிறகு ஒவ்வொரு வீடாக மீன்சட்டி அடுப்பேறியது. எங்கள் வீட்டிலும்தான். எனக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டு அரைமணி நேரத்தில் முகம் சிவக்கும், கழுத்தெல்லாம் தடிக்கும், தலையிடி தொடங்கும்.

தங்கச்சியின் துக்கம் என் உடம்பில் நிற்கிறது என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல். எனக்கும் ஆறுதல்தான், பொய் சொல்வானேன். நிவாரணத்துக்குத் தந்த டின் மீனுக்கும் தடித்தது, கருவாட்டுக்கும் தடித்தது. நான் நல்ல அக்கா என்பதற்குச் சொறிந்த தழும்புகள் சாட்சியாக இருந்தன.

யுத்தமும் முடிந்தது, தலையிடிக்கென்று எடுத்தே கந்தோரில் என் லீவுகளும் முடிந்தன. வேறு வழியில்லாமல் மட்டக்களப்பில் ஒரு டொக்டரிடம் போனேன். அவர் துக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன சாப்பிட்டேன், அது எப்போது சமைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார்.

மூன்று வாரம் எழுதினேன். தடித்த நாட்களில் பாதிக்கு மேல் சுண்டக்கறி நாட்கள். மிஞ்சிய மீன்கறியையும் மற்றக் கறிகளையும் ஒன்றாக்கி, அம்மா அடுத்த நாள் காலை வற்றக் காய்ச்சித் தருவாள். எங்கள் பக்கத்தில் அதை வேண்டாம் என்பவர் இல்லை. மற்ற நாட்கள், சந்தையில் வெயிலில் கிடந்த சூரை மீன். டொக்டர் கொப்பியைப் புரட்டினார். மீன் பழசாகப் பழசாக அதில் ஹிஸ்டமின் கூடும், எவ்வளவு காய்ச்சினாலும் போகாது, சிலரின் உடம்பால் அதைச் சமாளிக்க முடியாது என்றார். புது மீனை உடனே சமைத்து அப்போதே சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

அத்தனை வருடம் போகாத கடற்கரைக்குப் போனேன். கரைவலையில் துள்ளிய பாரை ஒன்றை வாங்கி வந்து நானே சமைத்துச் சாப்பிட்டேன். அம்மா எதிரே இருந்து என் கழுத்தையே பார்த்தாள். ஒரு மணி நேரம் போனது. ஒன்றும் வரவில்லை.

“பழைய மீன்தான் எனக்கு ஒத்துக்கொள்ளல்ல அம்மா. கடல் இல்ல.”

அம்மா சட்டியை மூடினாள். “அப்ப அவள இனி ஆர் நினைக்கிற, புள்ள?”

கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு தடிப்பாவது எழும்பாதா என்று இருந்தது.